காக்கியைக் கழற்றிய கையோடு ராஜ்பவனா?

தம்பானூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நிலையம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து வரும் தமிழர்களுக்குத் திருவனந்தபுரம் இங்கேதான் தொடங்குகிறது. ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள், சாலை பஜாரில் சரக்கெடுக்க வந்தவர்கள், பல்கலைக்கழகச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள், மனுவோடு தலைமைச் செயலகம் போகிறவர்கள் எனக் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். இங்கிருந்து ஓவர்பிரிட்ஜ், ஸ்டாச்சூ, பாளையம், மியூசியம் வழியாகப் போனால் வெள்ளயம்பலம். அதைத் தாண்டி கவடியார் போகும் சாலையில் ஆளுநர் மாளிகையான ராஜ்பவன் (2025-இல் லோக் பவன் என்று பெயர் மாறியது). அங்கிருந்து அதிக தூரமில்லை, வழுதக்காட்டில் மாநிலப் போலீஸ் தலைமையகம்.

இந்த இரண்டு கட்டடங்களின் வேலையும் வேறு வேறு. ஒன்று, உத்தரவு போட்டு ஆட்களை நடத்தும் இடம். இன்னொன்று, மக்கள் தேர்ந்தெடுத்த அரசு அரசியல் சட்டப்படி நடக்கிறதா என்று விலகி நின்று பார்க்கும் இடம். ஆனால், நாட்டின் போலீஸ் படைகளுக்கும் உளவுத்துறைக்கும் தலைவராக இருந்தவர்களை மாநில ஆளுநர்களாக அமர்த்துவது கடந்த நாற்பது ஆண்டுகளாக டில்லியில் வழக்கமாகிவிட்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் மாற்றமில்லை. ஓய்வுக்கும் ஆளுநர் பதவிக்கும் இடையே இத்தனை ஆண்டு கடந்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு வரிச் சட்டம்கூட நம்மிடம் இல்லை. அந்த வரியை எழுதச் சொல்வதே இந்தக் கட்டுரை.

திருவனந்தபுரம் பார்த்த உதாரணம்

2013 மார்ச்சில் கேரள ஆளுநராகப் பொறுப்பேற்றவர் நிகில் குமார். 1963-ஆம் ஆண்டு ஐ.பி.எஸ். அணியைச் சேர்ந்தவர். டில்லி போலீஸ் கமிஷனர், இந்தோ-திபெத் எல்லைப் போலீஸின் தலைமை இயக்குநர், தேசியப் பாதுகாப்புப் படையின் தலைமை இயக்குநர் எனப் பெரிய பதவிகளை வகித்தவர். ஓய்வுக்குப் பிறகு 2004-இல் காங்கிரஸ் சார்பில் பீகாரின் ஔரங்காபாத் தொகுதியில் வென்று எம்.பி. ஆனார். 2009-இல் நாகாலாந்து ஆளுநர். பிறகு கேரளம். ஓராண்டு கூட முடியவில்லை, 2014 மார்ச்சில் ராஜினாமா செய்துவிட்டு அதே ஔரங்காபாத் தொகுதியில் மறுபடி காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார்.

இந்தப் பாதையில் ஒரு பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். 1997 மார்ச் 31 அன்று டில்லி கன்னாட் பிளேஸில், காரில் வந்த இரண்டு தொழிலதிபர்களைத் தேடப்படும் ரவுடி என்று தவறாக நினைத்து டில்லி போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் கொதித்தார்கள். கமிஷனராக இருந்த நிகில் குமார் அந்தப் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். பின்னாளில் அந்த வழக்கில் பத்துப் போலீஸாருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. துப்பாக்கியைப் பிடித்தவர் கமிஷனர் இல்லை. ஆனாலும் தன் படை செய்த தவறுக்குத் தலைவர் பதவியை விட்டு விலக வேண்டியிருந்தது. போலீஸ் பதவியில் அந்த அளவுக்காவது பொறுப்பு இருக்கிறது.

ஆளுநர் பதவியில் அது கிடையாது. அரசியல் சட்டத்தின் 361-ஆம் பிரிவுப்படி, பதவி அதிகாரத்தைப் பயன்படுத்தியதற்காக ஆளுநர் எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சட்டசபையால் அவரை நீக்க முடியாது. 156-ஆம் பிரிவு சொல்வது, குடியரசுத் தலைவர் விரும்பும் வரை பதவி. நடைமுறையில் அது டில்லி அரசு விரும்பும் வரை. பதவிக்குத் தகுதி என்று 157-ஆம் பிரிவு கேட்பது இரண்டே இரண்டு: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும்.

நிகில் குமார் காலத்தில் திருவனந்தபுரத்தில் உம்மன் சாண்டி அரசு, டில்லியில் மன்மோகன் சிங் அரசு. இரண்டும் காங்கிரஸ் கூட்டணி என்பதால் ராஜ்பவனும் தலைமைச் செயலகமும் மோதிக்கொள்ளும் நிலை வரவில்லை. ஆனால் 2013 ஆகஸ்ட் 12-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். சோலார் மோசடி விவகாரத்தில் முதல்வர் விலக வேண்டும் என்று இடதுசாரிகள் தலைமைச் செயலகத்தை முற்றுகையிட்ட நாள். மாநிலம் முழுவதிலிருந்தும் தொண்டர்கள் வந்து குவிந்தார்கள். மத்தியப் படைகள் இறக்கப்பட்டன. நீதி விசாரணை அறிவித்த பிறகுதான் மறுநாள் முற்றுகை முடிந்தது. அன்று டில்லியில் வேறு கட்சி ஆண்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? 'சட்டம் ஒழுங்கு குலைந்துவிட்டது' என்று ராஜ்பவனிலிருந்து ஓர் அறிக்கை போனால் போதும், மாநில அரசைக் கலைக்க வழிசெய்யும் 356-ஆம் பிரிவின் கதவு திறந்துவிடும். 1959 ஜூலை 31 அன்று கேரளத்தில் ஈ.எம்.எஸ். அரசு கலைக்கப்பட்டதும் ஆளுநரின் அறிக்கையை வைத்துத்தான். அந்த அனுபவம் இந்த ஊருக்குப் புதிதில்லை.

நீளும் பட்டியல்

தமிழ்நாட்டில் பிறந்த ஈ.எஸ்.எல். நரசிம்மன் உளவுத்துறையான ஐ.பி.யின் இயக்குநராக இருந்து 2006 டிசம்பரில் ஓய்வு பெற்றார். 2007 ஜனவரி 25-இல் சத்தீஸ்கர் ஆளுநர். இடையில் ஒரு மாதம்கூட இல்லை. 2009 டிசம்பரில், தெலங்கானா போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வேளையில், ஆந்திரத்துக்கு மாற்றப்பட்டார். 2014-இல் அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோது மொத்த நிர்வாகமும் அவர் கையில். மாநிலம் பிரிந்த பிறகு, பொதுத் தலைநகரான ஹைதராபாத்தின் சட்டம் ஒழுங்குக்கு ஆளுநரே சிறப்புப் பொறுப்பு என்று பிரிவினைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொன்னது. 2019 வரை அவர் பதவியில் இருந்தார்.

ஐ.பி. இயக்குநராக இருந்த இன்னொரு தமிழர் டி.வி. ராஜேஸ்வர். அவர் சிக்கிம், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் ஆளுநரானார். ஒற்றப்பாலத்துக்காரரான எம்.கே. நாராயணன் ஐ.பி. இயக்குநராகவும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகவும் இருந்தார். 2010 ஜனவரியில் ஆலோசகர் நாற்காலியை விட்டு எழுந்தவர் அதே மாதம் கொல்கத்தா ராஜ்பவனில் அமர்ந்தார். சி.பி.ஐ. இயக்குநராக 2010 வரை இருந்த அஸ்வனி குமார் 2013-இல் நாகாலாந்து ஆளுநர்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஆர்.என். ரவியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1976-இல் கேரள அணி ஐ.பி.எஸ். அதிகாரியாகப் பணி தொடங்கியவர். ஐ.பி.யில் சிறப்பு இயக்குநர், பிறகு துணைத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். நாகா பேச்சுவார்த்தையில் மத்திய அரசின் பிரதிநிதியாக இருந்தபடியே 2019-இல் நாகாலாந்து ஆளுநரும் ஆனார். 2020 ஜூனில் அங்கு சட்டம் ஒழுங்கு குலைந்துவிட்டதாக முதல்வருக்குக் கடிதம் எழுதினார். எதிரே உட்கார்ந்து பேச வேண்டிய நாகா அமைப்பே அவரை மாற்றச் சொன்னது. 2021 செப்டம்பரில் அவர் தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு நடந்தது ஊரறிந்தது. 2023 நவம்பரில் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுத்தார். சட்டசபை அவற்றை மறுபடி நிறைவேற்றி அனுப்பியதும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைத்தார். 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லி, பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. பிறகு 2025 நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, 'கருதப்படும் ஒப்புதல்' என்று ஒன்றும் கிடையாது, ஆனால் காலவரையின்றி மசோதாவைக் கிடப்பில் போடவும் கூடாது என்று கருத்துச் சொன்னது.

நீதிமன்றத்தால் கெடு விதிக்க முடியாது என்றால், அந்த நாற்காலியில் யாரை உட்கார வைக்கிறோம் என்பது முன்னைவிட முக்கியமாகிவிடுகிறது.

இது எப்படி நம் பிரச்னை?

ஆளுநர் யாரானால் எனக்கென்ன என்று தம்பானூர் பஸ் நிலையத்தில் நிற்பவர் கேட்கலாம். அவர் பிள்ளை படிக்கும் பல்கலைக்கழகத்துக்கு வேந்தர், ஆளுநர். கேரளப் பல்கலைக்கழகம் 2022 அக்டோபருக்குப் பிறகு ஆண்டுக் கணக்கில் பொறுப்புத் துணைவேந்தரை வைத்தே ஓடியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் பதவி, தேடல் குழுவில் யார் இருப்பது என்ற சண்டையில் நிரப்பப்படாமல் கிடந்தது. கேரளத்தில் அப்போது ஆளுநராக இருந்த ஆரிஃப் முகமது கான் அரசியலிலிருந்து வந்தவர், போலீஸ்காரர் இல்லை. எனவே எல்லாக் கோளாறுக்கும் காக்கிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆளுநரின் கையெழுத்து எத்தனை வீடுகளைத் தொடுகிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

காக்கி விஷயத்தில் மட்டும் உள்ள ஆபத்து வேறு. அதைப் பார்க்க ஸ்டாச்சூவில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நடக்கும் ஏதாவது ஒரு போராட்டத்துக்குப் போய் நின்றால் போதும். 2025-இல் ஆஷா பணியாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த இடம் அது. மைக்கில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தின் ஓரத்தில் மப்டியில் ஒருவர் நின்று, யார் பேசினார், எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கட்சிக்காரர் எட்டிப் பார்த்தார் என்று குறிப்பெடுப்பார். அந்தக் குறிப்பு ஸ்பெஷல் பிராஞ்சுக்குப் போகும். மாநில உளவுப் பிரிவுக்குப் போகும். மத்திய உளவுத்துறை தன் ஆட்களை வைத்துத் தனியாகவும் திரட்டும். முதல்வர், எதிர்க்கட்சித் தலைவர், எம்.எல்.ஏ.க்கள், சங்கத் தலைவர்கள் எல்லோரைப் பற்றியும் கோப்பு வளரும். மேலே இருப்பவர் எதை விரும்புகிறார் என்று தெரிந்துவிட்டால், கீழே எழுதுகிறவரின் பேனா அந்தப் பக்கம் சாயும்.

1887-இல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய ஐ.பி.க்கு இன்றுவரை தனிச் சட்டம் கிடையாது. பாராளுமன்றக் கமிட்டி எதுவும் அதைக் கண்காணிப்பதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அதற்கு விலக்கு அளிக்கிறது. இப்படி யாரும் பார்க்க முடியாத கோப்புகளின் தலைமேஜையில் இருந்தவர், அடுத்த மாதமே ஒரு மாநிலத்தின் ராஜ்பவனில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? எதிரே வரும் அமைச்சருக்கு 'என்னைப் பற்றி இவருக்கு என்னென்ன தெரியும்' என்ற அச்சம் வரும். அவர் அதைப் பயன்படுத்த வேண்டும் என்றுகூட இல்லை. அச்சம் இருந்தாலே சமநிலை போய்விடும்.

இதைவிடப் பெரிய கேடு, பதவியில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஓய்வுக்குப் பின் கிடைக்கக்கூடிய மாளிகை கண்ணெதிரே தெரிந்தால், ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் எடுக்கும் முடிவு எப்படி நேராக இருக்கும்? யார்மேல் வழக்கு, யாரை விடுவது, எந்தக் கலவரத்தைப் பெரிதாக எழுதுவது, எதை மறைப்பது என்ற முடிவுகள் அவை. எல்லோரும் வளைவார்கள் என்பதில்லை. வளையாதவரையும் ஊர் சந்தேகிக்கும். நேர்மையான அதிகாரியின் பெயரைக் காப்பதற்கும் இந்த இடைவெளி தேவை.

நீதித்துறையிலும் இதே கேள்வி எழுந்தது. தலைமை நீதிபதியாக இருந்த தமிழர் பி. சதாசிவம் 2014 ஏப்ரலில் ஓய்வு பெற்று, செப்டம்பரில் கேரள ஆளுநரானபோது வழக்கறிஞர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். காரணம் அவருடைய நடத்தை இல்லை. வெறும் நான்கு மாத இடைவெளி.

சட்டத்தில் உள்ள ஓட்டை

நம் சட்டங்களுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஓய்வுக்குப் பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 148-ஆம் பிரிவு தடுக்கிறது. 2003-ஆம் ஆண்டின் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையச் சட்டம் இன்னும் தெளிவு. அந்த ஆணையர் ஓய்வுக்குப் பிறகு தூதராகக் கூடாது, யூனியன் பிரதேச நிர்வாகியாகக் கூடாது, குடியரசுத் தலைவர் தம் கையெழுத்தும் முத்திரையும் இட்டு நியமிக்கும் எந்தப் பதவியையும் ஏற்கக் கூடாது. ஆளுநர் நியமனம் சரியாக அப்படிப்பட்டது. லோக்பால் சட்டத்திலும் இதே தடை உண்டு.

ஊழல் வழக்குகளில் சி.பி.ஐ.யை மேற்பார்வை செய்வது இந்த ஊழல் கண்காணிப்பு ஆணையம்தான். மேற்பார்வை செய்கிறவர் ஆளுநராக முடியாது. மேற்பார்வைக்கு உட்பட்ட சி.பி.ஐ. இயக்குநர் ஆகலாம். இதற்கு என்ன நியாயம்?

இன்னும் இரண்டு விதிகளைப் பாருங்கள். ஓய்வு பெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி ஓராண்டுக்குள் ஒரு தனியார் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டுமானால் அரசின் அனுமதி வாங்க வேண்டும். ஐ.பி. போன்ற அமைப்புகளிலிருந்து ஓய்வு பெற்றவர், தம் பழைய துறை தொடர்பாக ஒரு கட்டுரை எழுத வேண்டுமானாலும் முன் அனுமதி வேண்டும் என்று 2021-இல் பென்ஷன் விதியைத் திருத்தினார்கள். கம்பெனி வேலைக்கும் கட்டுரைக்கும் கட்டுப்பாடு வைத்த அரசு, ஒரு மாநிலத்தையே ஒப்படைக்கும் நியமனத்துக்கு எதுவும் வைக்கவில்லை.

மறுதரப்பு சொல்வது

எல்லைப்புற மாநிலங்களுக்கும் ஆயுதக் குழுக்கள் உள்ள பகுதிகளுக்கும் பாதுகாப்பு அனுபவம் உள்ளவர்தான் வேண்டும் என்பார்கள். அந்த வாதத்தில் உண்மை உண்டு. 371-ஏ பிரிவு நாகாலாந்து ஆளுநருக்குச் சட்டம் ஒழுங்கில் சிறப்புப் பொறுப்பே கொடுத்திருக்கிறது. ஆனால் பாதுகாப்பு ஆலோசனைக்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள், படைகளுக்குத் தலைவர்கள் இருக்கிறார்கள். அந்த அனுபவத்தை ராஜ்பவனில் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அந்தத் தேவையும் இல்லை.

போலீஸ் அதிகாரிக்கு மட்டும் பொதுவாழ்வு மறுக்கப்பட வேண்டுமா என்றும் கேட்பார்கள். மறுக்க வேண்டாம். கேரளத்தின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியான ஆர். ஸ்ரீலேகா 2020 டிசம்பரில் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகள் கழித்துக் கட்சியில் சேர்ந்து, 2025 டிசம்பரில் திருவனந்தபுரம் மாநகராட்சியின் சாஸ்தமங்கலம் வார்டில் வீடு வீடாக வாக்குக் கேட்டு வென்றார். அவருடைய கட்சியை ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். இடைவெளி விட்டு, மக்கள் முன் நின்று, அவர்கள் தீர்ப்பை வாங்கும் அந்த வழி எப்போதும் திறந்திருக்கட்டும்.

மத்திய அரசை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்கவும் முடியாது. கேரளத்தின் மாநிலப் போலீஸ் தலைவராக இருந்த லோக்நாத் பெஹ்ரா 2021 ஜூன் 30-இல் ஓய்வு பெற்றார். சில வாரங்களிலேயே கொச்சி மெட்ரோவின் நிர்வாக இயக்குநரானார். அவர் திறமை பற்றிய பேச்சே வேறு. இடைவெளி வேண்டும் என்ற நெறி டில்லிக்குப் பொருந்தினால் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் பொருந்த வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஒன்று: ஐ.பி., சி.பி.ஐ., மத்திய ஆயுதப் போலீஸ் படைகளின் தலைவர்களும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்களும் பதவி விலகிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஆளுநராகவோ துணைநிலை ஆளுநராகவோ நியமிக்கப்படக் கூடாது. ஊழல் கண்காணிப்பு ஆணையச் சட்டத்தில் உள்ள வாசகமே இதற்கு முன்மாதிரி. சி.பி.ஐ.க்கு 1946-ஆம் ஆண்டின் டில்லி சிறப்புப் போலீஸ் சட்டத்திலும், படைகளுக்கு அந்தந்தப் படைச் சட்டத்திலும் இதைச் சேர்க்கலாம். ஐ.பி.க்குச் சட்டமே இல்லாததால் முதலில் ஒரு சட்டம் வேண்டும்.

இரண்டு: பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவைத் தலைவர், சம்பந்தப்பட்ட மாநில முதல்வர் அடங்கிய குழு ஆளுநரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2010-இல் பூஞ்ச்சி ஆணையம் பரிந்துரைத்தது. முதல்வரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அதற்கு முன்பே, 1988-இல், சர்க்காரியா ஆணையமும் சொன்னது. இவற்றை நிறைவேற்ற வேண்டும். தேர்ந்தெடுத்த காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும்.

மூன்று: ஆளுநராக இருந்தவர் அந்தப் பதவியை விட்ட மறுவாரம் கட்சிச் சின்னத்தில் தேர்தலில் நிற்கக் கூடாது. இதற்கும் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும்.

நான்கு: மாநில அரசுகள் டில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வு பெறும் மாநிலப் போலீஸ் தலைவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு அரசுப் பதவி எதுவும் தருவதில்லை என்று 2011-ஆம் ஆண்டின் கேரளப் போலீஸ் சட்டத்தைத் திருத்தினால் போதும். தமிழ்நாடும் இதைச் செய்யலாம். போலீஸ் தலைவருக்கு இரண்டாண்டு உறுதியான பதவிக்காலம் வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நெறியை வைத்துத்தான் நீக்கப்பட்டிருந்த டி.பி. சென்குமார் 2017-இல் மறுபடி கேரள டி.ஜி.பி. நாற்காலிக்கு வந்தார். பதவியில் இருக்கும்போது மிரட்டலிலிருந்து காத்த நீதி அது. ஓய்வுக்குப் பிறகான ஆசையிலிருந்து காக்கும் பாதியை சட்டசபைதான் சேர்க்க வேண்டும்.

கேரளத்திலிருந்து மக்களவைக்கு 20 பேர், மாநிலங்களவைக்கு 9 பேர். தமிழ்நாட்டிலிருந்து 39 பேரும் 18 பேரும். ஆளுநர்களோடு சண்டை வரும்போதெல்லாம் குரல் கொடுக்கும் இந்த 86 பேரில் ஒருவராவது முதல் கோரிக்கையைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரட்டும். மற்றவர்கள் கட்சி பாராமல் ஆதரிக்கட்டும். இன்று எதிர்க்கட்சியாக இருந்து ஆளுநரால் அவதிப்படுகிறவர்கள், நாளை டில்லியில் ஆட்சிக்கு வந்தால் தங்களுக்கு வேண்டிய அதிகாரியை இதே வழியில் அனுப்ப மாட்டோம் என்று இப்போதே எழுதிக் கொடுக்கட்டும். தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் ரோடு, குடிநீர், பஸ் வசதியோடு சேர்த்து இதையும் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் குறித்து வைத்து, அடுத்த முறை வரும்போது எடுத்துக் காட்டுங்கள்.